பென்டிரைவில் வந்த இன்னொரு ஓஎஸ்

திருப்புலிவனம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வியாக்ரபுரீஸ்வரர் கோயில்தான் நினைவுக்கு வரும். உத்திரமேரூர் சுற்றுவட்டப் பிள்ளைகளுக்கு அது அரசுக் கலைக் கல்லூரி இருக்கும் ஊர். இந்தப் பக்கத்துக் கிராம வீடுகள் பலவற்றில் முதல் கணினி என்பதே அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான். அதற்குள், யாரும் கேட்காமலே, விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு ஓஎஸும் (இயங்குதளமும்) இருந்தது.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா அந்த மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழக அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போடப்பட்டிருந்தது. பாஸ் என்பது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007இல் வெளியிட்டது. எல்காட்டுக்கும் லினக்ஸ் புதிதில்லை. சி. உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்திலேயே அலுவலகக் கணினிகள் சூசே லினக்ஸுக்கு மாறத் தொடங்கியிருந்தன.

சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. ஆன் செய்ததும் எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் திரையைக் கண்டு பலர் மிரண்டார்கள். கடையில் கொடுத்து ஃபார்மட் அடித்து, விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நல்ல வாய்ப்பு ஒன்று அப்படிக் கைநழுவியது. பிறகு லினக்ஸ் வேண்டும் என்று நினைத்தவர்கள் அதை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது.

பென்டிரைவுக்கு முன்பெல்லாம் அதற்கு சிடிதான். கணினியில் எதையும் நிறுவாமல் சிடியிலிருந்தே லினக்ஸை ஓட்டலாம் என்பதை 2000இல் வந்த நாப்பிக்ஸ் பரவலாக்கியது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வெளியிடும் கெனானிகல் நிறுவனம் உலகமெங்கும் தபாலில் இலவச சிடி அனுப்பிக்கொண்டிருந்தது. 2011இல் அதை நிறுத்தியது. சென்னையில் 1998 முதல் இயங்கிய லினக்ஸ் பயனர் குழுவும், பின்னாளில் காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவும் ஆர்வலர்களை ஒன்றுசேர்த்தன. 2012 ஜனவரியில் ‘கணியம்’ இதழ் வந்த பிறகு லினக்ஸ் பாடங்களைத் தமிழிலேயே படிக்க முடிந்தது. ஆங்கில வழிகாட்டியைப் பார்த்துத் திகைத்த கிராமத்து மாணவருக்கு அது எவ்வளவு பெரிய துணை!

சிடி டிரைவ் மறைய மறைய, பென்டிரைவ் அந்த இடத்தைப் பிடித்தது. கூடவே புதிய சிக்கல்களும் வந்தன. முதல் சிக்கல் இன்றுவரை மாறவில்லை. இணையத்திலிருந்து இறக்கிய லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பைப் பாட்டுக் கோப்புபோல அப்படியே பென்டிரைவில் காப்பி செய்துவிட்டு, ‘பூட் ஆகலை’ என்று வந்து நிற்பார்கள். கணினியைத் தொடங்கிவைக்கும் பழைய பயாஸ், கோப்பையெல்லாம் தேடாது. டிரைவின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். அவற்றின் கடைசி இரண்டு பைட்டுகள் 55, ஏஏ என்று இருந்தால்தான் அதைப் பூட் டிஸ்க் என்று ஏற்கும். அந்தத் தொடக்கப் பகுதியையும் சேர்த்து எழுதத்தான் யூநெட்பூட்டின், ரூஃபஸ் போன்ற கருவிகள் வந்தன. யுஎஸ்பியிலிருந்து பூட் ஆகவே தெரியாத பழைய கணினிகளுக்குக்கூட வழி இருந்தது: பிளாப் என்ற சிறு நிரலை சிடியில் போட்டுத் தொடங்கினால், மிச்சத்தைப் பென்டிரைவ் பார்த்துக்கொள்ளும்.

2012இல் விண்டோஸ் 8 வந்ததும் ஆட்டமே மாறியது. பயாஸ் இருந்த இடத்தில் யுஇஎஃப்ஐ. அதன் வாசலில் செக்யூர் பூட். நம்பகமான கையொப்பம் இல்லாத எதையும் அது உள்ளே விடாது. மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ‘ஷிம்’ என்ற சிறு நிரலை முன்னால் நிறுத்தி, உபுண்டு, ஃபெடோரா போன்றவை அந்த வாசலைக் கடந்தன. ஷிம் இல்லாத ஓஎஸ்களுக்கு செக்யூர் பூட்டை அணைப்பதைத் தவிர எளிய வழியில்லை.

அதிலும் ஏசர் மடிக்கணினி பலரைத் தவிக்கவிட்டது. எஃப்12ஐ எத்தனை முறை அழுத்தினாலும், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனு வராது. கணினியின் அமைப்புத் திரைக்குள் போய் முதலில் அதை இயக்க வேண்டும். செக்யூர் பூட் வரியோ மங்கலாக, கை வைக்க முடியாமல் கிடக்கும். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்றை வைத்த பிறகுதான் அது திறக்கும். வைத்த பாஸ்வேர்டை எழுதிவைக்காவிட்டால் அடுத்த தலைவலி ஆரம்பம்.

லினக்ஸ் ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப், கணினியை முழுதாக அணைக்காமல் அரைத்தூக்கத்தில் வைக்கிறது. அந்த நிலையில் விண்டோஸ் டிரைவை லினக்ஸில் திறந்தால் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது. விண்டோஸுக்குத் திரும்பிப் போய் அந்த வசதியை நிறுத்திவிட்டு முறையாக அணைத்தால் சரியாகிவிடும்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு மாணவர் கைக்கு வந்த கணினிகள் பலவற்றின் செயலி (பிராசசர்), விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. ஒரு 8 ஜிபி பென்டிரைவும் எடை குறைந்த லினக்ஸும் இருந்தால் அவை இன்னும் சில காலம் உழைக்கும். இதற்கிடையே 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினி அல்லது மடிக்கணினி என்று அரசு அறிவித்தது. இம்முறை பெட்டியைக் கொடுப்பதோடு நிற்காமல், திருப்புலிவனம் போன்ற ஊர்களின் கல்லூரி ஆய்வகங்களில் ஒரு பிற்பகலாவது ஒதுக்கி, பென்டிரைவைச் செருகி பூட் மெனுவைத் திறந்து பார்க்க மாணவர்களைப் பழக்க வேண்டும்.