வலையமைப்பு முகவரி பெயர்ப்பும் பயன்பாட்டு நெறிமுறைகளும்

வலையமைப்பு முகவரி பெயர்ப்பு என்பது ஒரு தரவுப் பொட்டலம் திசைவியைக் கடக்கும்போது அதன் தலைப்பகுதியிலுள்ள ஐபி முகவரியை வேறொன்றாக மாற்றும் முறையாகும். இது சுருக்கமாக நேட் எனப்படும். ஒரு வீட்டின் அல்லது கல்லூரியின் கணினிகள் பலவும் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ள இது உதவுகிறது. ஆயினும், செய்தியின் உள்ளேயே முகவரியை எழுதி அனுப்பும் நெறிமுறைகள் இதனால் இடர்ப்படுகின்றன.

வரலாறு

ஐபி பதிப்பு 4 சுமார் 430 கோடி முகவரிகளை மட்டுமே கொண்டது. இப்பற்றாக்குறைக்குக் குறுகிய காலத் தீர்வாக 1994 இல் ஆர்எஃப்சி 1631 ஆவணம் நேட் முறையை முன்வைத்தது. இதனால் பாதிக்கப்படும் நெறிமுறைகளை 2001 இல் ஆர்எஃப்சி 3027 தொகுத்துரைத்தது.

செயற்படும் விதம்

உள்ளிருந்து ஓர் இணைப்பு தொடங்கும்போது திசைவி அதன் முகவரியையும் போர்ட் எண்ணையும் ஓர் அட்டவணையில் பதிகிறது. விடைப் பொட்டலங்கள் அவ்வட்டவணைப்படி உரிய கணினியைச் சேர்கின்றன. வெளியிலிருந்து தொடங்கும் இணைப்புக்கு அட்டவணையில் பதிவு இராது. எனவே அது உள்ளே செல்வதில்லை.

பாதிக்கப்படும் நெறிமுறைகள்

* எஃப்டிபி: இதன் செயல்முனை வகையில், 192.168.1.5 என்ற முகவரியுடைய கணினி, 1025 ஆம் போர்ட்டில் தன்னைத் தொடர்புகொள்ளுமாறு வழங்கிக்கு 192,168,1,5,4,1 என்று எழுதி அனுப்பும் (4 × 256 + 1 = 1025). அது தனியார் முகவரியாதலால் வழங்கியால் அதனை அடைய இயலாது. திசைவி அவ்வரியைத் திருத்தினால் அதன் நீளம் மாறக்கூடும்; அப்போது பின்வரும் டிசிபி வரிசை எண்களையும் திருத்த வேண்டும். செய்தி மறையாக்கம் செய்யப்பட்டிருப்பின் திருத்தவே முடியாது. வழங்கியின் பக்கம் நேட் இல்லாதபோது, கணினியே இரு இணைப்புகளையும் தொடங்கும் செயலறு வகை இதற்குத் தீர்வாகும்.
* எஸ்ஐபி: இணையத் தொலைபேசி அழைப்பில் குரலைப் பெறும் முகவரி செய்தியின் உடலில் இருக்கும். அதனால் மணி ஒலித்தும், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேளாமற் போகலாம்.
* ஐபிசெக்: இதன் ஏஎச் பகுதி முகவரிகளையும் சேர்த்துச் சரிபார்க்கிறது. நேட் செய்யும் மாற்றத்தை அது முறைகேடாகக் கருதிப் பொட்டலத்தை நிராகரிக்கும்.

தீர்வுகள்

ஸ்டன் நெறிமுறை, ஒரு கணினி தன் பொது முகவரியை வெளி வழங்கியிடம் கேட்டறிய உதவுகிறது. நேரடி இணைப்பு இயலாதபோது டர்ன் வழங்கி தரவை இடைநின்று கடத்துகிறது. இவ்விரண்டையும் பயன்படுத்தி ஏற்ற வழியைத் தேர்வது ஐஸ் ஆகும். காணொளி அழைப்புகளுக்கான வெப்ஆர்டிசி இதனைப் பயன்படுத்துகிறது.

இந்தியாவில்

ஆசிய பசிபிக் வட்டாரப் பதிவகமான ஏப்னிக்கின் முகவரி இருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தொகுதியை எட்டியது. சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின்கீழ் வைக்கும் பேரளவு நேட் முறைக்கென 2012 இல் 100.64.0.0/10 தொகுதி ஒதுக்கப்பட்டது. இம்முறையில் வீட்டுத் திசைவிக்கே பொது முகவரி இராது. ஆதலால் வீட்டிலுள்ள கண்காணிப்புக் கேமராவை இடைநிலை வழங்கியின்றி வெளியூரிலிருந்து நேரடியாக அடைவது அரிது.

இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010 இல் ஐபி பதிப்பு 6 க்கான தேசியத் திட்ட வரைவை வெளியிட்டது. 2016 இல் வணிகச் சேவையைத் தொடங்கிய ஜியோ, 128 பிட்டு கொண்ட இம்முகவரிகளைப் பெருமளவில் வழங்கியது. இவற்றுக்கு நேட் தேவையில்லை. எனினும் தீயரண் வெளியிணைப்புகளைத் தடுக்கலாம்.