படுக்கை தேடிய இரவு

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றி நெடுங்காலமாகக் குடியிருக்கும் நம்மவர்க்கு அந்நகரின் பெரிய மருத்துவமனைகள் புதியன அல்ல. அங்கே மருத்துவக் கல்லூரி 1835-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆயினும், அடிபட்டவரை எங்கே கொண்டு செல்வது என்னும் கேள்விக்கு அப்பழம்பெருமை விடையாகவில்லை.

1992 ஜூலை 8 அன்று மாலை, தெற்கு 24 பர்கனா மாவட்டத்து மதுராப்பூர் நிலையத்தில் விவசாயத் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த காயம். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குரிய வசதி இல்லை. நள்ளிரவை ஒட்டி நகரத்து நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தனர். எக்ஸ்ரே எடுத்தார்கள், படுக்கை இல்லை. மருத்துவக் கல்லூரி, சம்புநாத் பண்டிட் மருத்துவமனை, நேஷனல் மருத்துவக் கல்லூரி என்று விடிந்த பின்னும் அலைந்தும் அரசு மருத்துவமனை எதிலும் இடம் கிடைக்கவில்லை. முடிவில் தனியார் மருத்துவமனை ஒன்று ஏற்றுக்கொண்டது. செலவு ஏறத்தாழ 17,000 ரூபாய்.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஸ்கூட்டரில் சென்று விபத்துக்குள்ளான ஒருவரை ஒரு மருத்துவமனை ஏற்காமல் 20 கிலோமீட்டர் அப்பால் அனுப்ப, அவர் வழியிலேயே இறந்தார் என்ற செய்தியை ஒட்டி, முதலில் உயிரைக் காப்பதே மருத்துவர் கடமை என 1989-இல் அந்நீதிமன்றம் கூறியிருந்தது. 1996-இல் அது மேலும் ஒரு படி சென்றது. உரிய காலத்தில் சிகிச்சை தராமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது.

அத்தீர்ப்பு வகுத்த ஏற்பாடுகளை நாம் கருதிப் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நோயாளியின் நிலை மேலும் கெடாதவாறு முதற் சிகிச்சை, மாவட்ட, உட்கோட்ட மருத்துவமனைகளில் கடுங்காயத்துக்கும் வசதி, எங்கே படுக்கை காலி என்பதை உடனே அறிய ஒரு மையத் தொடர்பு, கருவிகளோடு ஆம்புலன்ஸ்.

2019-இல் கொல்கத்தா எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையில் விபத்துச் சிகிச்சைக்கென்றே தனி மையம் திறக்கப்பட்டது. நன்று. ஆனால் மதுராப்பூரில் விழுந்தவருக்கு நகரத்தில் மருத்துவமனைகள் குறைவாக இருந்தனவா? இல்லை. விழுந்த இடத்தருகே வசதி இல்லை; வண்டி புறப்படுமுன் சேருமிடமும் தெரியவில்லை. கொல்கத்தாவிலிருந்து சென்னை வரை நீளும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஊருக்குப் போய்வரும் நமக்கும் இவ்விரண்டுமே உயிர்நாடி.