அத்தியாயம் 7: உப்பு தப்பிய வழி

1992-இல் ஒரத்துப்பாளையம் அணை எழுந்தபோது நொய்யல் விவசாயிகள் கண்ட கனவைப் போன வாரம் பார்த்தோம். சில ஆண்டுகள்தான். அதே விவசாயிகள், "ஐயா, மதகைத் திறந்துவிடாதீர்கள்!" என்று கெஞ்சும் நிலை வந்தது. அணையில் தேங்கி நின்றது திருப்பூரின் சாயக்கழிவு. திறந்தால் கிணறும் போகும், தென்னந்தோப்பும் போகும்.

இத்தனைக்கும் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தன. சாயப்பட்டறைகள் பலவும் குழாய் போட்டுக் கழிவை அங்கே அனுப்பின. பிறகு எங்கே பிசகியது?

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். சாயம் துணியைப் பிடித்துக்கொள்ளும். உப்பு அங்கே தங்காது, அலசும் நீரோடு வெளியேறிவிடும். நிலையத்தில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு, மிச்சச் சாயத்தைக் கசடாக இறக்கினார்கள். நிறம் போனது. கரைந்த உப்போ அத்தனை தொட்டிகளையும் தாண்டி ஆற்றுக்குப் போனது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு கூடாது என்று விதி இருந்தது. உப்பைப் பிரிக்கும் இயந்திரம்தான் அங்கே இல்லை. குழாயில் விட்டதோடு தன் பொறுப்பு தீர்ந்தது என்று பட்டறைக்காரர் நினைக்க இடம் கொடுத்ததே பெரும் பிழை என்பேன். பட்டறை வாசலிலேயே உப்பை அளந்து கணக்குக் கேட்டிருக்க வேண்டும்.

2003-இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறியது. 2006 டிசம்பர் 22-இல் உத்தரவு வந்தது: ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழக்கூடாது. ஆர்.ஓ. எனும் சவ்வு வடிகட்டியை வைத்து நீரைப் பிரி, எஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்றவை. கெடு, 2007 ஜூலை 31. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம்.

கெடு கடந்தது. கழிவு நிற்கவில்லை. பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபர் 6-இல் அங்கும் தோற்றார்கள். மேலும் 3 மாத அவகாசம் மட்டும் கிடைத்தது. அதுவும் கரைந்தது.

விவசாயிகள் மீண்டும் உயர் நீதிமன்றம் வந்தார்கள். நீதிமன்றத்தின் முன் இரு பக்கமும் இக்கட்டு. சாயப்பட்டறை நின்றால் பனியன் கம்பெனிகள் தள்ளாடும், கூலி நம்பிய லட்சக்கணக்கான குடும்பங்கள் தவிக்கும். ஓடினால் நொய்யல் கரையில் மண்ணே மிஞ்சாது.

2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. தீர்ப்பு வந்தது. இம்முறை அதில் அவகாசம் இல்லை.

(தொடரும்)