தழும்பும் பச்சையும்



எங்கட தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யிற அக்கா ஒருவர், கையில் இருந்த எரிகாயத் தழும்பைப் பச்சை குத்தி மறைத்துக்கொண்டு வந்தார். பூ, பாம்பு என்று படம் ஒன்றும் இல்லை. தோலின் நிறத்திலேயே குத்தியிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். "தம்பி, உம்மட கையையும் இப்படிச் செய்யலாமே" என்றார். அதற்குப் பிறகு இதைப் பற்றித் தேடி வாசித்தேன். அறிந்ததை இந்தப் புத்தாண்டு மலரில் எழுதுகிறேன்.

பச்சை குத்துதல் தமிழருக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் குறத்திகள் ஊர் ஊராகப் போய்க் குத்தினார்கள். எட்கார் தர்ஸ்டன் 1909 இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். குத்துகிற மை கரிதான். தோலுக்குள் போன பிறகு பச்சையாகத் தெரிவதால்தான் அந்தப் பெயர்.

அது அழகுக்குக் குத்தியது. மறைப்பதற்குக் குத்துவதும் பழைய வேலைதான். இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க வைத்தியர் கண்ணில் விழுந்த வெள்ளைத் தழும்புக்குச் செம்பு உப்பால் நிறம் கொடுத்தார். 1835 இல் பவுளி என்பவர் பிறவியிலேயே வந்த ஊதா நிற மறுக்களை மறைக்க இரசமும் ஈயமும் கலந்த நிறங்களைத் தோலில் குத்தினார். இரண்டும் நஞ்சு. 1869 இல் பாரிசில் டி வெக்கர் கண் தழும்புக்குக் கறுப்பு மையைப் பாவித்தார். இப்போது பெரும்பாலும் இரும்பு ஒக்சைட்டு நிறங்களைக் கலந்து, ஆளின் தோலுக்கு ஏற்றபடி குத்துகிறார்கள்.

ஆனால் எங்கட ஆட்களுக்குத் தழும்பு வேறு கதை. ஊரில் சோதனைச் சாவடியில் சேட்டைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பார்கள். தழும்பு இருந்தால் இயக்கம் என்று சந்தேகம். என்னுடையது 2009 இல் வன்னியில் ஷெல் துண்டு பட்டது. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? முழுக்கைச் சேட்டுப் போட்டே திரிந்தேன்.

வெளிநாட்டுக்கு வந்ததும் அதே தழும்பு சாட்சியாகி விட்டது. சித்திரவதைக் காயங்களை வைத்தியர்கள் எப்படிப் பதிய வேண்டும் என்று சொல்லும் இஸ்தான்புல் நெறிமுறை 1999 இல் ஐ.நா.விடம் கொடுக்கப்பட்டது. பிரித்தானியாவில் இலங்கைத் தமிழர் ஒருவர், தன்னைச் சூடான கம்பியால் சுட்டார்கள் என்று தழும்பைக் காட்டினார். வேறொருவரைக் கொண்டு தானே சுடுவித்திருக்கலாம் என்று தீர்ப்பாயம் நிராகரித்தது. 2019 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொன்னது. உடம்பில் உள்ள அடையாளம் அவ்வளவு பெரிய விசயம்.

ஆகவே வழக்கு முடியாதவர்களுக்கு ஒன்று சொல்வேன். அவசரப்பட்டு மறைக்காதீர்கள். முதலில் வைத்தியரிடம் காட்டிப் படத்தோடு அறிக்கை எடுங்கள். வழக்கறிஞரையும் கேளுங்கள்.

மற்றவர்களும் சிலதை அறிந்திருக்க வேண்டும். தழும்பு ஆறி ஒரு வருடமாவது போக வேண்டும். எங்கட தோலில் தழும்பு தடித்து வளர்வது அதிகம், ஊசி பட்டால் இன்னும் வளரலாம். வெயிலில் தோல் கறுக்கும், குத்திய நிறம் கறுக்காது. சில வருடத்தில் மங்கும். வெண்புள்ளி பரவிக்கொண்டிருந்தால் குத்தியும் பயனில்லை. அதை வெண்குட்டம் என்று சொல்லி ஒதுக்குவதும் பிழை, அது குட்டமே இல்லை, தொற்றவும் மாட்டாது. சுத்தமில்லாத ஊசியால் ஈரல் அழற்சி வரும். நியூ சவுத் வேல்ஸில் இப்படித் தோலில் குத்துகிற கடைகள் கவுன்சிலில் பதிய வேண்டும். பதிந்த கடையா என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

தோலுக்குள்ளே உள்ள காயத்துக்கு ஊசி உதவாது. சித்திரவதைக்கும் போருக்கும் தப்பி வந்தவர்களுக்காக 1988 இல் சிட்னியில் தொடங்கிய ஸ்டார்ட்ஸ் நிறுவனம் இருக்கிறது. அங்கே போய்ப் பேசுவது மானக்கேடு இல்லை.

அந்த அக்கா இப்போது பிளாக்டவுன் கடைத்தெருவில் அரைக்கைச் சட்டையோடு சந்தோசமாகப் போகிறார். அதைப் பார்க்க எனக்கும் சந்தோசம். நான் இன்னும் குத்தவில்லை. என்ர மகள் "அப்பா, இது என்ன?" என்று கேட்கிறாள். அவளுக்குச் சொல்லி முடிக்கட்டும், பிறகு யோசிக்கலாம் என்று விட்டிருக்கிறேன். மறைப்பதோ விடுவதோ அவரவர் விருப்பம். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.