தரவுத்தளத்தில் தடுமாறும் தமிழ்ப் பெயர்கள்

லண்டன் ராயல் சொஸைட்டியின் தலைவராக 2015 முதல் 2020 வரை பதவி வகித்த, சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் ஆய்வுக் கட்டுரைகள், தரவுத்தளங்களில் 'ராமகிருஷ்ணன், வி.' என்றே பதிவாகியுள்ளன. ராமகிருஷ்ணன் என்பதோ அவரது தந்தையின் பெயர்.

குடும்பப் பெயர் வழக்கமில்லாத தமிழர் பலரின் நிலையும் இதுவே. 2012இல் தொடங்கிய விக்கிடேட்டா என்ற திறந்த தரவுத்தளத்தில், ஆசிரியர் இன்னார் என்று உறுதியாகாதவரை, கட்டுரையில் அச்சான பெயர் வெறும் எழுத்துகளாகவே பதியப்படுகிறது. உறுதியான பின்னரே அவருக்குரிய தனிப் பதிவுடன் அது இணைக்கப்படும். அதுவரை 'எஸ். குமார்'கள் பலர் ஒருவராகவோ, ஒருவரே இருவராகவோ தோன்ற இடமுண்டு. பணி நியமனங்களில் கட்டுரைகளின் எண்ணிக்கையும் பார்க்கப்படுவதால், இது வெறும் எழுத்துப் பிரச்சினை அல்ல.

இக்குழப்பத்தைத் தவிர்க்க 2012இல் அறிமுகமானதே 'ஆர்கிட்' எனும் 16 இலக்க அடையாள எண். ராயல் சொஸைட்டியின் சஞ்சிகைகள் 2016 முதல் அதனைக் கட்டாயமாக்கின. அதற்கு முந்தைய கட்டுரைகளுக்கு உரியவரைத் தேடி இணைக்கும் பணி, விக்கிடேட்டாவில் பெரிதும் தன்னார்வலர்கள் வசமே உள்ளது.