பின் ஷாக் வந்தது, ஸ்டாண்ட் இடம் மாறியது

1930களின் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் படங்களைப் பார்த்தால் பலவற்றில் ஸ்டாண்ட் பின் சக்கரத்தை ஒட்டி, ஆக்சில் பக்கத்தில் இருக்கும். ஓட்டும்போது மட்கார்டில் மாட்டி வைத்துக்கொள்வார்கள். அந்த வண்டிகளுக்குப் பின்னால் ஷாக் அப்சார்பரே கிடையாது. சக்கரமும் சேஸிஸும் ஒரே உடம்பு, அதனால் வாலைப் பிடித்துத் தூக்கினால் முழு வண்டியும் கூடவே வரும். குலுக்கலைத் தாங்கியது டயரும் சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்கும்தான். முதுகும் கொஞ்சம் தாங்கியிருக்கும்!

இதை மாற்றியவர்களில் பெல்ஃபாஸ்ட்காரர் ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் முக்கியமானவர். 1940களில், ஷாக் இல்லாத பைக்குகளுக்குப் பின்னால் பொருத்திக்கொள்ளும் ஸ்விங் ஆர்ம் செட் ஒன்றை அவர் உருவாக்கினார். இன்று நாம் 'ஆஃப்டர்மார்க்கெட் சஸ்பென்ஷன்' என்கிறோமே, அதற்கு இவரைத் தாத்தா என்றே சொல்லலாம். 1950இல் ரேஸில் கலக்கிய நார்ட்டன் 'ஃபெதர்பெட்' சேஸிஸும் இவருடைய கைவண்ணம்தான்.

நம்ம ஊர்க் கதை புல்லட். ஸ்விங் ஆர்மும் ஆயில் ஷாக்கும் போட்ட புல்லட்டை ராயல் என்ஃபீல்ட் 1948இல் வெளியே காட்டியது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா பிறந்தது, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. பின் சக்கரம் தனியாக ஏறி இறங்கும் வண்டி அப்படித்தான் நம்ம தெருக்களில் சகஜமானது.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கு. ஸ்விங் ஆர்ம் வந்ததும் வண்டி இரண்டு துண்டாகிவிட்டது. நடுவில் ஒரு கீல், பின்னால் அதைத் தாங்க இரண்டு ஷாக். இப்போது வாலைத் தாங்கிப் பிடித்தால் சேஸிஸ் நிற்பது அந்த ஷாக்கின் தயவில்தான். ஸ்டாண்ட் நடுவுக்கு, சேஸிஸுக்கு அடியில் வந்தது இந்த வகை வண்டிக்கு ரொம்பவே பொருத்தம்.

மயிலாப்பூர், தி.நகர் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஞாயிற்றுக்கிழமை ஷாக் மாற்றுகிறவர்களுக்கு இது வெறும் பழங்கதை இல்லை. சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்குப் பேடாக் ஸ்டாண்ட் வாங்குகிறார்கள். அது பிடிப்பது ஸ்விங் ஆர்மை. செயினுக்கு எண்ணெய் போட அருமையான சாமான். ஆனால் அதில் நிறுத்திவிட்டு ஷாக் போல்ட்டை உருவினால் சேஸிஸ் அப்படியே உட்கார்ந்துவிடும். கிளாசிக் 350இன் எடை 195 கிலோ. இடையில் விரல் இருந்தால் என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. மோனோஷாக் வண்டியில் ஆபத்து இன்னும் அதிகம், ஏன்னா இருப்பதே ஒன்றுதான். அதற்குச் சேஸிஸைத் தாங்கும் ஸ்டாண்ட்தான் வேண்டும்.

இரட்டை ஷாக்கும் சென்டர் ஸ்டாண்டும் இருந்தால் வேலை சுலபம். இறுகிய போல்ட்டுகளை, வண்டி இரண்டு சக்கரத்திலும் நிற்கும்போதே லேசாக இளக்கிக்கொள்ளுங்கள். ஸ்டாண்டில் ஏறிய வண்டியில் ஸ்பேனரை முழு பலத்தோடு இழுத்தால் வண்டியே இறங்கி வந்துவிடும். கியரில் போட்டு வைப்பதும் உதவாது, பின் சக்கரம்தான் காற்றில் இருக்கிறதே. முன் பிரேக் லீவரை ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். பின் டயருக்கு அடியில் பலகைகளை அடுக்கி, டயர் தொடும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் கழற்றி, புதுசை மாட்டிவிட்டுத்தான் அடுத்த பக்கம். கழற்றாத ஷாக் அதுவரை ஸ்விங் ஆர்மை அதே உயரத்தில் பிடித்து வைத்திருக்கும்.

புது ஷாக் நீளம் வேறாக இருந்தால் இந்த வசதி போய்விடும். பலகையைக் கூட்டிக் குறைத்துத்தான் ஓட்டையைப் பொருத்த வேண்டியிருக்கும். அதனால் ஜி.பி. ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ கிளம்பும் முன், பழைய ஷாக்கின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை, சக்கரம் தொங்கும் நிலையில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.