ஔவை உண்ட கள்ளும் அன்னையர் படும் துயரும்

புறநானூற்றின் 235ஆம் பாடலைக் கற்பிக்கும்போதெல்லாம் என் வகுப்பில் ஒரு கேள்வி எழும்: “ஔவையாரும் கள்ளுக் குடிச்சவவா, சேர்?” ஆம் என்பதே விடை. சிறிதளவு கள் கிடைத்தால் அதைத் தமக்கே தந்துவிடுவான் என்றும், நிறையக் கிடைத்தால் தாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்றும், மறைந்த அதியமானை நினைந்து அவர் இரங்குகிறார். அப்பாடலில் நாணமும் இல்லை, ஒளிவுமறைவும் இல்லை.

வள்ளுவரிடத்தில் நோக்கு மாறுகிறது. கள்ளுண்ணாமையை அவர் பொருட்பாலில் 93ஆம் அதிகாரமாக வைத்தார். பிள்ளை எப்பிழை செய்தாலும் பொறுக்கும் தாய்கூட அவன் வெறியைப் பொறுக்கமாட்டாள் என்பது அவர் கருத்து. இங்கே பெண் உண்பவள் அல்லள், கண்டு வருந்துபவள்.

இலங்கையில் பெண்களுக்கு மது விற்பதை 1979ஆம் ஆண்டின் அரசாங்க அறிவித்தல் தடைசெய்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கினார். சில நாள்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தை மீளப்பெறச் செய்தார். ஒரு சாரார் பண்பாடு என்றனர். மறுசாரார் சமவுரிமை என்றனர். பெண்ணின் உடல்நலம் அவ்வாதத்தில் பின்தள்ளப்பட்டது.

மருத்துவம் கூறுவதோ வேறு. ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு அருந்தினாலும், உடலில் நீரின் பங்கு குறைவாதலால், பெண்ணின் குருதியில் மதுசாரம் கூடுதலாகச் செறிகிறது. ஈரல் நோய் அவளை விரைவில் பற்றுகிறது. சிறிதளவு மதுவும் மார்பகப் புற்றுநோய்க்கு வாய்ப்பைக் கூட்டுகிறது. 1726இலேயே இலண்டன் மருத்துவர்கள், சாராயத்தால் பிள்ளைகள் நலிந்து பிறப்பதாகப் பாராளுமன்றத்துக்கு முறையிட்டனர். 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள், குடிப்பழக்கமுள்ள தாய்மாரின் குழந்தைகளிடம் ஒரேவகைக் குறைபாடுகளைக் கண்டு அதற்கு நோய்ப்பெயர் இட்டனர்.

ஆயினும், நம் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பெண்களுள் மிகப் பலர் ஒரு துளியும் அருந்தாமலே மதுவின் கேட்டை அனுபவிக்கின்றனர். கணவன் குடித்த கசிப்பு மனைவிக்கு அடியாகவும், அடுப்பெரியாத இரவாகவும், ஆறாத மனநோயாகவும் வந்து சேர்கிறது. மதுக்கடையில் அவளைத் தடுத்த சட்டம், இதனை அவள் வீட்டு வாசலில் தடுக்கவில்லை.

தடுக்க முயன்ற பெண்களும் உண்டு. 1992இல் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா என்னும் ஊரில், எழுத்தறிவு வகுப்புக்கு வந்த ஏழைப் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தனர். அப்போராட்டம் பரவி 1995இல் மாநிலம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது. எனினும், எழுத்துக் கற்க வந்தவர்கள் தம் துயருக்குக் காரணத்தையும் கற்றுக்கொண்டார்கள்.

ஆகவே, பெண் குடிக்கலாமா என்று மானத்தின் பெயரால் கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. ஆணோ பெண்ணோ, குடித்தால் அவ்வீட்டுப் பெண்ணின் உடலும் உள்ளமும் என்னாகின்றன என்றும் கேட்கவேண்டும். ஔவையைப் பற்றிக் கேட்ட மாணவியிடம் நான் இதனையும் சொல்லியே பாடத்தை முடிப்பேன்.